சம்பளப் பிழையும் முறிந்த ஊசியும்: மட்டக்களப்புக் கரையோரத் தையல் ஆலை, ஒரு நிகழ்வு ஆய்வு

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து ஆலை திறக்கும் முதல் நாள், ஒவ்வொரு லைனிலும் இரண்டு மூன்று மெஷின் உறை போட்டபடி கிடக்கும். போனஸ் எடுத்துக்கொண்டு போனவர்கள் வரவில்லை. அடுத்த இரண்டு கிழமைக்குள் அவர்களில் பலர் ஊழியர் சேமலாப நிதிக் கடிதத்துக்காக மனிதவளப் பிரிவுக்கு வருவார்கள். விலகல் படிவத்தில் காரணம் கேட்கும் கட்டத்தில் அநேகமாக எல்லோரும் ஒன்றையேதான் எழுதுவார்கள்: குடும்பக் காரணம். அப்படி எழுதினால் கேள்வி இல்லை, கடிதம் கெதியாகக் கிடைக்கும் என்று முன்னே போனவர்கள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ‘கலியாணம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. திருமணத்தால் வேலையை விடும் பெண் சேமலாப நிதியை மீளப் பெறச் சட்டம் இடம் தருகிறது என்பது அந்தச் சொல்லுக்கு இன்னொரு பெறுமதி. ஆக, படிவம் உண்மையைக் கேட்பது போலத் தெரிந்தாலும், உண்மையைச் சொல்வதற்கு அதில் ஒரு இலாபமும் இல்லை.

இந்த ஆய்வு படிவத்துக்கு முந்திய மூன்று மாதங்களைப் பார்க்கிறது. இதில் வரும் ஆலைக்குப் பெயர் இல்லை. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்து ஏற்றுமதித் தையல் ஆலைகளில் வழமையாகக் காணக்கூடிய நிலைமைகளைச் சேர்த்துக் கட்டிய மாதிரி ஆலை இது. சம்பளக் கணக்குகள் நடைமுறையில் உள்ள சட்ட விகிதங்களை வைத்துப் போட்டவை. ஆட்தொகை, நேரம், துண்டு எண்ணிக்கை போன்றவை கணக்கு விளங்குவதற்காக வைத்துக்கொண்டவை.

ஆலையில் 1,200 பேர் என்று வைத்துக்கொள்வோம். முக்கால்வாசிக்கு மேல் பெண்கள். வாழைச்சேனை, கிரான், செங்கலடி, ஏறாவூர், காத்தான்குடி என்று வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கத்து எழுவான்கரை வீதியில் இருந்து ஒரு பங்கு. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி என்று வாவிக்கு மேற்கே படுவான்கரையில் இருந்து இன்னொரு பங்கு. கல்முனைப் பக்கமிருந்து இரண்டு பஸ். 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைப் பிள்ளைகளுக்கு வாவியைக் கடப்பது ஒரு பெரிய விஷயமாக இல்லை. மேல்மட்ட முகாமையாளர்கள் வெளி மாவட்டத்தவர்கள், பேசுவது சிங்களமும் ஆங்கிலமும். மேற்பார்வையாளர்களில் பாதிப்பேர் இதே ஊர்களில் மெஷினில் இருந்து எழும்பி வந்தவர்கள்.

ஆட்கள் விலகுவதைத் தடுக்க ஆலை முதலில் செய்தது எல்லா ஆலைகளும் செய்வதைத்தான். ‘மாதத்தின் நட்சத்திரம்’ என்று வாசலில் படப் பலகை. முதுகில் வாசகம் அச்சடித்த ரீ-சேர்ட். டிசம்பரில் ஒரு இசை நிகழ்ச்சி. பலகையில் இரண்டாம் மாதமே சிக்கல் தொடங்கியது. மேற்பார்வையாளருக்கு வேண்டியவர்தான் நட்சத்திரம் என்ற கதை பரவியது. அதில் பாதி உண்மை, ஏனென்றால் தெரிவுக்கு எழுத்தில் ஒரு அளவுகோலும் இருக்கவில்லை. கலியாணம் பேசும் வயதுப் பிள்ளையின் படம் லொறிக்காரர் முதல் எல்லோரும் நின்று பார்க்கும் வாசலில் தொங்குவதை வீட்டில் விரும்பவில்லை. முஸ்லிம் பெண்கள் பலர் படம் எடுக்கவே மறுத்தார்கள். மூன்றாம் மாதம் தெரிவான ஒருவர் காய்ச்சலில் விழ, “நாவூறு” என்று லைன் முழுக்கப் பேச்சு. சிரிப்பதற்கு இதில் ஒன்றுமில்லை. பாராட்டுப் பெறுபவர் அதை யார் முன்னால், எந்த வடிவத்தில் ஏற்றுக்கொள்ள விரும்புவார் என்று கேட்காமல் செய்த பாராட்டு அது.

குனிந்து பேசும் ஜன்னல்

சம்பளம் 10ஆம் திகதி. அன்று பின்னேரமே பே சீட் கைக்கு வரும். ஒரு தையல்காரி தன் ஓவர்டைம் நேரத்தைக் கூட்டிப் பார்க்கிறார். தானே கலண்டரில் பென்சிலால் குறித்து வைத்தது 38 மணித்தியாலம். சீட்டில் 34. மேற்பார்வையாளரிடம் காட்டினால், “அது எங்கட கையில இல்ல, எச்.ஆருக்குப் போங்க” என்பார். மனிதவளப் பிரிவின் ஜன்னல் பகல் 12 முதல் 1 வரைதான் திறக்கும். அதே ஒரு மணித்தியாலம்தான் அவருக்குச் சாப்பாட்டு நேரம். ஜன்னல் உள்ளே கதிரையில் இருப்பவரின் உயரத்துக்கு வைத்தது. வெளியே நிற்பவர் இடுப்பை வளைத்து, தலையைச் சரித்து, கம்பிக்குள்ளால் பேச வேண்டும். பின்னால் இருபது பேர் வரிசை.

“சேர், போன மாசமும் நாலு மணித்தியாலம் குறைஞ்சுதான் வந்த.”

“இப்ப சிஸ்டம் மூடியாச்சு புள்ள. அடுத்த மாசம் சேர்த்துப் போடுறம்.”

அடுத்த மாதம் சேர்த்துப் போட்டார்களா என்பதைச் சீட்டில் இருந்து கண்டுபிடிக்க ஒரு வழியும் இல்லை, ஓவர்டைம் எல்லாம் ஒரே வரியில் மொத்தமாக இருக்கும். மூன்றாம் முறை அவர் போகவில்லை. “கேட்டுப்போட்டு வாறன் எண்டு போனவள், சோறும் தின்னாம வந்திருக்கிறாள் கா” என்று பக்கத்து மெஷின்காரி சொல்வது, அந்த ஆலையைப் பற்றிய முழு அறிக்கை.

நான்கு மணித்தியாலம் என்பது எவ்வளவு? 2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின் கீழான மாத வேதனம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும், 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்த்தப்பட்டது. சம்பளச் சபைகளின் கீழ் வரும் தொழில்களில் மாதச் சம்பளத்தை 200ஆல் பிரித்தால் மணித்தியாலச் சம்பளம். சாதாரண நாளின் ஓவர்டைம் அதன் ஒன்றரை மடங்கு. 30,000க்கு மணித்தியாலம் 150, ஓவர்டைம் 225. நான்கு மணித்தியாலம் 900 ரூபா. முகாமையாளரின் மேசையில் அது ஒரு பகல் சாப்பாட்டுச் செலவு. வாங்குபவருக்கு அது பிள்ளையின் ரியூசன் காசு. ஆனால் அவர் மூன்று முறை வரிசையில் நின்றது 900 ரூபாவுக்காக மட்டுமல்ல. ‘நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள்’ என்ற எண்ணம் அந்த ஜன்னலில்தான் பிறக்கிறது.

பிழை எங்கே வருகிறது என்று தேடினால், அநேகமாக யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. இந்த ஆலையில் வாசலில் ஒரே ஒரு விரலடையாள இயந்திரம். ஒரு பாளியில் (ஷிப்டில்) 400 பேர் அந்த வாசலால் போகிறார்கள். ஒருவருக்கு 5 செக்கன் என்றால் கடைசி ஆள் வெளியேற 33 நிமிடம். அதனால் லைன்கள் இரண்டு மூன்று நிமிடம் முந்தி எழும்ப விடுவது வழக்கமாகிவிட்டது. 6.30க்கு முடிய வேண்டிய ஓவர்டைம் 6.28க்குப் பதிவாகிறது. மென்பொருளோ அரை மணிக்குக் கீழே வருவதை வெட்டிவிடும்படி அமைக்கப்பட்டது. இரண்டு நிமிடம் முந்தி விரல் வைத்தவருக்கு அரை மணி போய்விட்டது, 112 ரூபா 50 சதம். மாதத்தில் எட்டு நாள் இப்படி நடந்தால் அதே 900. காலையில் இன்னொரு கதை. வீட்டில் தேங்காய் துருவி, பாத்திரம் தேய்த்து, விறகு வெட்டிய விரல்களில் ரேகை தேய்ந்திருக்கும். மழைநாளில் விரல் ஊறிச் சுருங்கியிருக்கும். இயந்திரம் மூன்று முறை சிவப்பு காட்டி நான்காம் முறை பச்சை காட்டுவதற்குள் 7.30, 7.31 ஆகிவிடும். ‘பிந்தி வந்தவர்.’

திருத்தம் பெரிய செலவில்லை. இயந்திரம் நான்காக்கினால் 33 நிமிடம் எட்டு நிமிடத்துக்குச் சற்று மேலாகக் குறையும். ஒவ்வொருவருக்கும் இரண்டு கையிலும் இரண்டு இரண்டு விரல் பதிய வேண்டும். அரை மணி வெட்டு விதியை எடுத்துவிட்டு, மேற்பார்வையாளர் ஒப்பமிடும் லைன் நேரத்தையே ஓவர்டைம் நேரமாக எடுக்க வேண்டும். விரல் இயந்திரம் வருகைக்குச் சாட்சி, அவ்வளவுதான். அதைவிட முக்கியமானது, சம்பளத்துக்கு முந்திய சரிபார்ப்பு. 3ஆம் திகதி ஒவ்வொரு லைனுக்கும் ஓவர்டைம் நேரப் பட்டியல் வரும். நேரம் மட்டும், ரூபா இல்லை. அடுத்தவர் சம்பளம் தெரிய வேண்டியதில்லை. தன் வரியைப் பார்த்து ஒப்பமிடலாம், அல்லது சரியான நேரத்தைப் பக்கத்தில் எழுதலாம். 5ஆம் திகதிக்குள் திருத்தம், 10ஆம் திகதி சம்பளம். அதன் பிறகும் பிழை கண்டால் மூன்று வேலை நாளுக்குள் வவுச்சரில் காசு. அடுத்த மாதச் சீட்டில் ‘முன்மாதத் திருத்தம்’ என்று தனி வரியில் அது தெரிய வேண்டும்.

சம்பளப் பிரிவு இதை உடனே ஏற்காது. கணக்காய்வு, சேமலாப நிதி என்று காரணம் வரும். ஆனால் ஓவர்டைம் கொடுப்பனவு சேமலாப நிதிக் கணக்கில் சேராது. தொழிலாளியின் 8 வீதமும் ஆலையின் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதியத்தின் 3 வீதமும் ஓவர்டைமைத் தொடாமலே கணிக்கப்படுகின்றன. ஆகவே ஓவர்டைம் திருத்தத்தால் அந்தப் படிவங்கள் ஒன்றும் மாறப்போவதில்லை. அடிப்படைச் சம்பளத்தில் பிழை என்றால்தான் அந்தக் கவலை.

ஊசிப் பதிவேடு

இதே ஆலையில் ஒரு ஊசி முறிந்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். மெஷின் நிற்கும். தையல்காரி கையைத் தூக்குவார். மேற்பார்வையாளர் காந்தத்துடன் வந்து துண்டுகளைத் தேடுவார். முனை, உடல், அடி எல்லாம் பொருத்தி முழு ஊசியாக வந்தால்தான் புதிய ஊசி. துண்டுகளைப் பதிவேட்டில் ஒட்டுநாடாவால் ஒட்டி, திகதி, நேரம், மெஷின் இலக்கம், லைன், ஒப்பம். ஒரு முனை கிடைக்காவிட்டால் சுற்றியுள்ள பண்டில் எல்லாம் உலோகம் கண்டுபிடிக்கும் இயந்திரத்துக்குள் போகும். ஏனென்றால் அந்த முனை எங்கோ ஒரு குழந்தையின் சட்டைக்குள் போனால் கொள்வனவாளர் கட்டளையையே நிறுத்திவிடுவார்.

ஆகவே, தொலைந்ததை விடாமல் தேட, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளியை வைக்க, முடிந்ததை எழுதி மூட இந்த ஆலைக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்த முறையைச் சம்பளப் பிழைக்குப் பாவிப்பதுதான் இங்கே முன்வைக்கும் திருத்தத்தின் அச்சாணி. ஊசிப் பதிவேட்டின் அதே கட்டங்களோடு ஒரு சம்பளப் பிழைப் பதிவேடு: என்ன தொலைந்தது, எப்போது சொன்னார், யார் எடுத்துக்கொண்டார், எப்போது கிடைத்தது, கிடைத்தவரின் ஒப்பம். கடைசிக் கட்டம் வெறுமையாக இருக்கும் வரை அது மூடப்படாது. கிழமைக்கு ஒருமுறை ஆலை முகாமையாளர் ஊசிப் பதிவேட்டைப் பார்க்கும் அதே நேரத்தில் இதையும் பார்க்க வேண்டும். மாத முடிவில் ஒரே ஒரு எண் போதும்: பிழை சொன்ன நாளில் இருந்து காசு கைக்கு வரும் வரை எத்தனை நாள். நூற்றுக்கு எத்தனை பேர் ‘மகிழ்ச்சி’ என்று சிரித்த முகத்துக்குப் புள்ளடி போட்டார்கள் என்ற கணக்கெடுப்பை விட அந்த நாள் கணக்கு நம்பத்தக்கது. புள்ளடி போடும்போது மேற்பார்வையாளர் பின்னால் நிற்பார். நாள் கணக்குக்குப் பின்னால் யாரும் நிற்க முடியாது.

ஜன்னலுக்குப் பதில் ஒரு மேசையும் இரண்டு கதிரையும். நேரம் 12 முதல் 1 அல்ல. பாளி தொடங்கிய பிறகு லைன் வாரியாக, வேலை நேரத்துக்குள், ஒருவருக்குப் பத்து நிமிடம். மேசைக்காரர் தமிழ் பேசுபவராக இருக்க வேண்டும். பிழை ஆலையுடையது என்றால் “எங்கட பிழை” என்று சொல்ல வேண்டும். இந்தக் கடைசி இரண்டு சொல்லுக்கும் பயிற்சி தேவைப்படுகிறது என்பது நம்பக் கஷ்டமாக இருக்கலாம், ஆனால் தேவைப்படுகிறது.

கூப்பிடும் முறை

டார்கெட் குறையும் மணித்தியாலத்தில் மேற்பார்வையாளர் வாயில் வருவது பெயர் அல்ல, “ஏய் ஏழாம் மெஷின்” என்பதுதான். இருபத்தைந்து வயது மேற்பார்வையாளர் ஐம்பது வயது ஹெல்பரை “நீ” என்பார். ஊரில் அவரையே கோயிலில் கண்டால் “மாமி” என்று விலகி நின்று வழிவிடுவார். ஆலைக்குள் வந்ததும் ஊரின் மரியாதை வாசலில் கழற்றி வைக்கும் செருப்பாகிவிடுகிறது.

இதற்குச் சட்டம் போட்டால் நடக்காது. நடந்தது வேறு வழி. லைன் வரைபடத்தில் மெஷின் இலக்கத்துக்குப் பக்கத்தில் தமிழில் பெரிய எழுத்தில் பெயர். வயதில் மூத்தவர்களை அவர்கள் விரும்பும் முறையில் அக்கா, ராத்தா, மாமி என்று அழைக்கலாம், எல்லோருக்கும் “நீங்க”. பாராட்டு என்றால் அதே பாளிக்குள், அவருடைய மெஷின் பக்கத்தில் நின்று, மெல்லிய குரலில், என்ன நன்றாக வந்தது என்று துண்டைக் கையில் எடுத்துக் காட்டி: “கொலர் முனை ரெண்டும் ஒரே அளவு. காலையில இருந்து உங்கட வேலையில ஒரு ரீவேர்க் கூட வரல்ல.” வெறும் “நல்லம்” என்பதை யாரும் நம்புவதில்லை, அடுத்து ஓவர்டைம் கேட்கப் போகிறார் என்றுதான் நினைப்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

மேற்பார்வையாளரையும் பார்க்க வேண்டும். அவரை மேலே உள்ளவர் காலை உற்பத்திக் கூட்டத்தில் பத்துப் பேர் முன்னிலையில் கத்தியிருப்பார். அந்தக் கூட்டத்தின் மொழி மாறாமல் லைனின் மொழி மாறியதாக ஒரு ஆலையும் இல்லை.

நாலு மெஷின் தெரிந்தவரின் தண்டனை

மதிப்பில்லை என்ற குறை மிகவும் கூர்மையாக இருப்பது புதியவர்களிடம் அல்ல, எல்லா வேலையும் தெரிந்தவர்களிடம். ஒற்றை ஊசி, ஓவர்லொக், பிளாட்லொக், பொத்தான் துளை நாலும் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். யாராவது வராத நாளில் எல்லாம் இவரைத்தான் அடுத்த லைனுக்கு அனுப்புவார்கள்.

கணக்கைப் பார்த்தால்தான் அவருடைய பெறுமதி தெரியும். 30 பேர் கொண்ட லைன், 480 நிமிடம், ஒரு சேர்ட் தைக்க நியமமாகக் கணித்த நேரம் 18 நிமிடம், 60 வீதச் செயற்றிறன் என்றால் நாளுக்கு 480 சேர்ட். கை பூட்டும் இடத்தில் ஒருவர் வரவில்லை, பதிலுக்கு இருக்கும் ஹெல்பர் மணிக்கு 52தான் தைக்கிறார். முன்னால் பின்னால் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் அந்த இடத்தைத் தாண்டி 416க்கு மேல் வெளியே வராது. இவர் போய் இருந்து மணிக்கு 60 தைக்கிறார். லைன் 480ஐத் தொடுகிறது. 64 சேர்ட் ஒரு ஆளால். அன்று அவருக்குக் கிடைப்பது? ஊக்கக் கொடுப்பனவு லைன் வாரியாகக் கணிக்கப்படுவதால், தன் லைனின் பங்கை இழக்கிறார். போன லைனின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. இரண்டு லைனும் டார்கெட் அடித்த நாளில் இவருக்கு மட்டும் பூச்சியம். அதற்கு மேல், “இண்டைக்கு மூண்டாம் லைனுக்குப் போ” என்று காலையில் ஒரு விரல்தான் நீளும், ஏன் என்று ஒரு சொல் இல்லை. மெஷினின் கதிரை உயரம் முதல் கத்தரிக்கோல் வரை எல்லாம் வேறு.

இவர் கேட்பது பெரிய விஷயம் ஒன்றுமில்லை. மாற்றும் நாளில் இரண்டு லைனில் எது கூடவோ அந்த ஊக்கக் கொடுப்பனவு. மாற்றுவதற்கு முதல் நாள் பின்னேரமே தகவல், காரணத்தோடு. தெரிந்த மெஷின்களுக்கு ஏற்ற தரம். இதில் மூன்றாவதுதான் அதிகம் பிழையாகப் போவது. சுவரில் திறன் அட்டவணை தொங்கும்: ஒவ்வொரு வேலைக்கும் நாலு கால்பங்காகப் பிரித்த ஒரு வட்டம், ஒரு கால் கறுப்பென்றால் பழகுகிறார், மூன்று என்றால் டார்கெட் அடிக்கிறார், நாலும் என்றால் மற்றவருக்குப் பழக்குவார். கொள்வனவாளரின் கணக்காய்வாளர் வருவதற்கு முதல் நாள் இரவு மேற்பார்வையாளர் அதை மார்க்கரால் நிரப்புவார். அட்டவணையில் நாலு கால் கறுப்பு, சம்பளத் தரத்தில் இரண்டு வருடத்துக்கு முந்திய நிலை. தன் திறமையை ஆலை வெள்ளைக்காரக் கொள்வனவாளருக்குக் காட்டுகிறது, தனக்குத் தரவில்லை என்பதை அவர் நாளுக்கு நாள் பார்த்துக்கொண்டே தைக்கிறார்.

சரியான முறை: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேர்வு நாள். தொடர்ந்து 30 துண்டு, அதில் 10 சுற்றுக்கு நேரம் எடுத்துச் சராசரி, தரப் பரிசோதகர் துண்டுகளைப் பார்த்து ஒப்பம். தேர்வை லைன் மேற்பார்வையாளர் நடத்தக் கூடாது. தன் நல்ல ஆளை உயர்த்தினால் வேறு லைனுக்குப் பறிபோகும் என்று அவரே தடுத்து வைப்பார். தேறினால் அடுத்த சம்பளத்தில் தரம் மாற வேண்டும், தேறாவிட்டால் எந்தச் சுற்றில் நேரம் போனது என்று அதே நாள் காட்ட வேண்டும்.

லீவும் பஸ்ஸும்

சம்பளச் சபைகளின் கீழ் ஓராண்டு உழைத்துச் சேர்வது கூடியது 14 நாள் வருடாந்த லீவு. நாள் எண்ணிக்கையில் சண்டை குறைவு. கேட்ட விதத்துக்கும் மறுத்த விதத்துக்கும்தான் சண்டை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு, ஆடி அமாவாசைக்கு மாமாங்கம், ஆவணியில் மண்டூர்த் திருவிழா, நோன்புப் பெருநாள், நத்தார். திகதி முன்னமே தெரிந்தவை இவை. ஜனவரியிலேயே லைன் வாரியாகக் கலண்டர் வைத்து, யார் எந்த நாள் என்று எழுதிக்கொண்டால் பாதிப் பிரச்சினை எழும்பாது. தமிழரும் முஸ்லிம்களும் கலந்திருக்கும் லைனில் ஒருவர் பெருநாளுக்கு மற்றவர் நின்று கொடுப்பார். மேற்பார்வையாளர் அவர்களுக்கே விட்டால் அவர்களே பேசி முடிப்பார்கள். செத்தவீடு மட்டும் கேட்டு வருவதில்லை, அதற்கு “ஆர் செத்த, என்ன முறை” என்று விசாரணை வைப்பது ஆலையின் பெயரை ஊரில் கெடுக்க மிகக் குறுகிய வழி. விண்ணப்பத்துக்கு அன்றே பதில். இல்லை என்றால் காரணமும் வேறு ஒரு திகதியும்.

வருகைக் கொடுப்பனவு இன்னொரு பொறி. மாதம் முழுக்க வந்தால் 3,000, ஒரு நாள் தவறினால் பூச்சியம் என்று வைத்துக்கொண்டால், 4ஆம் திகதி பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த தாய்க்கு மிச்ச நாளெல்லாம் வருவதற்கு அந்தக் கொடுப்பனவு ஒரு காரணமாக இருப்பதில்லை. 3,000, 2,000, 1,000 என்று படிப்படியாக இறக்கினால் அது மாத முடிவு வரை வேலை செய்யும். ஆலைக்குச் செலவு கொஞ்சம் கூடும், மாத நடுவில் வராமல் விடுவது குறையும்.

கார்த்திகை, மார்கழி மழையில் வெல்லாவெளி, மண்டூர்ப் பக்கத்து வீதிகளில் தண்ணீர் ஏறும். பஸ் சுற்றுப் பாதையால் வரும், 40 நிமிடம் பிந்தும். விடிய 5 மணிக்குக் குடையோடு சந்தியில் நின்றவருக்கு வாசலில் ‘பிந்தி வந்தவர்’ பதிவு. ஆலையே ஒழுங்கு செய்த பஸ் இது. விதி ஒரே வரிதான்: பஸ் வந்த நேரம் எதுவாக இருந்தாலும் அதில் வந்த எல்லோரும் 7.30க்கு வந்தவர்கள். காவலாளி பஸ் இலக்கமும் நேரமும் எழுதி, சாரதி ஒப்பமிட்டால் கணக்கு முடிந்தது.

பெட்டி

முறைப்பாட்டுப் பெட்டி மனிதவளப் பிரிவின் கதவுக்குப் பக்கத்தில், கமராவுக்கு நேர் கீழே இருந்தது. ஒரு வருடம் வெறுமை. முறைப்பாடு இல்லை என்று அறிக்கை எழுதினார்கள். பெண்கள் கழிப்பறைக்குப் போகும் ஒடுக்கத்தில், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மாற்றிய முதல் கிழமையே தாள் விழுந்தது. முதலில் விழுந்தவை கழிப்பறைக் கதவின் கொண்டி, சாப்பாட்டில் கல், ஒரு மேற்பார்வையாளரின் வாய்.

பெட்டியின் பூட்டுக்குத் திறப்பு இரண்டு. ஒன்று தொழிலாளர் பிரதிநிதியிடம். கிழமை தோறும் வியாழன் பகல் அறிவித்தல் பலகையில் ஒரு தாள்: கேட்டது, செய்தது, முடியாதென்றால் ஏன். தமிழில், தேவையான இடத்தில் சிங்களத்திலும். மூன்றாவது நிரலுக்கு முகாமையாளர்கள் பயப்படுவார்கள். பயப்பட வேண்டியதில்லை. “குளிரூட்டி இந்த வருடம் போட முடியாது, மின்மாற்றி தாங்காது; பதிலுக்குக் கூரையில் நாலு காற்றுப் போக்கி” என்று எழுதினால் அதை ஏற்றுக்கொள்வார்கள். பதிலே வராத தாள்தான் பெட்டியைக் கொல்லும். ஆட்களைப் பற்றிய முறைப்பாடு மட்டும் பலகைக்கு வரக் கூடாது, குறிப்பாகப் பாலியல் தொந்தரவு; அது தனி வழியில், தனி ஆளிடம்.

ஊழியர் மன்றம் இருக்கும் ஆலைகளில் இந்த வேலையை அதற்குக் கொடுக்கலாம், பிரதிநிதிகளை லைன்கள் வாக்குப் போட்டுத் தெரிவுசெய்திருந்தால். மேற்பார்வையாளர் விரல் காட்டியவர்கள் என்றால் அந்த மன்றம் தேநீர் குடிக்கும் கூட்டம். மன்றம் இருக்கிறதே என்று தொழிற்சங்கத்தைத் தவிர்க்கவும் முடியாது: கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999இல் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவின்படி 40 வீதத்துக்குக் குறையாத தொழிலாளர்களை அங்கத்தவராகக் கொண்ட சங்கத்தோடு பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை.

கணக்கில் வராதவர்கள்

துப்புரவு, காவல், பொதி ஏற்றுதல் எல்லாம் ஒப்பந்தக்காரர் மூலம் வந்த ஆட்கள். அடையாள அட்டையின் நாடா நிறம் வேறு, சாப்பாட்டு வரிசை வேறு, புத்தாண்டுப் பலகாரப் பெட்டி இல்லை. சேமலாப நிதி ஒப்பந்தக்காரர் கட்டுகிறாரா என்று ஆலை கேட்பதில்லை. ஒப்பந்தக்காரரின் மாதப் பட்டியலுக்குக் காசு கொடுக்கும் முன் சேமலாப நிதி கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியைக் கேட்பது ஒரு தாள் வேலை. பலகாரப் பெட்டி அதைவிடச் சுலபம்.

பிள்ளை பெற்றுத் திரும்பும் தாய்மார் இன்னொரு கூட்டம். மகப்பேற்று லீவு 84 நாள். 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளில் இரண்டு இடைவேளை. ஆலையில் பிள்ளை பராமரிப்பு அறை இருந்தால் ஒவ்வொன்றும் அரை மணி, இல்லாவிட்டால் ஒவ்வொரு மணித்தியாலம். தாளில் நல்ல சட்டம். வெல்லாவெளித் தாய் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. ஆகவே அவர் அந்த நேரத்தை எடுப்பதில்லை, மார்பில் பால் கட்டி, வலியோடு தைத்து, இரண்டாம் மாதம் விலகுகிறார். படிவத்தில் மறுபடியும் குடும்பக் காரணம். கதவு பூட்டக்கூடிய ஒரு சிறிய அறை, ஒரு கதிரை, கை கழுவும் தொட்டி, பெயர் ஒட்டிய போத்தல்களுக்கு ஒரு சிறு குளிர்சாதனப் பெட்டி இருந்தால் நிலைமை மாறும். தாயின் எழுத்து மூலச் சம்மதத்தோடு இரண்டு இடைவேளையையும் சேர்த்து முந்திப் போக விடும் ஆலைகளும் உண்டு; அப்போது அவருக்கு ஒரு பஸ் வேண்டும், அதை மறந்துவிடுகிறார்கள். மூன்று மணிக்கு வாசலில் விட்டால் வெல்லாவெளிக்கு அவர் எதில் போவார்?

எது மாறும், எது மாறாது

இப்படியான திருத்தங்களில் முதலில் அசைவது ஜன்னல் வரிசை. 3ஆம் திகதிப் பட்டியல் வந்த இரண்டாம் மாதமே அது கரையும். முதல் மாதம் பிழைகள் கூடும், ஏனென்றால் இதுவரை சொல்லாதவர்களும் சொல்வார்கள்; அதைப் பார்த்து முகாமையாளர் பயந்து பட்டியலை நிறுத்துவதுதான் பல இடங்களில் நடக்கும் முதல் விபத்து. அடுத்து, முதல் 90 நாளுக்குள் விலகுவோர் குறைவார்கள். நாலு மெஷின்காரி போன்றவர்களின் மனம் மாற இரண்டு தேர்வுச் சுற்று, அதாவது ஆறு மாதம் வேண்டும். வெளிநாட்டுக்குப் போக முடிவெடுத்தவர்களை இவை ஒன்றும் நிறுத்தாது. குவைத்தில் கிடைக்கும் சம்பளத்தோடு மரியாதையால் போட்டி போட முடியாது, அப்படிச் சொல்லும் மனிதவள ஆலோசகர்களை நம்ப வேண்டியதில்லை.

பழைய நிலைக்குச் சறுக்குவது எப்போதும் ஒரே காலத்தில்: கப்பலேற்றத்துக்கு முந்திய கடைசி மூன்று கிழமை. வியாழன் தாள் ஒரு கிழமை தவறும், “இப்ப நேரமில்ல” என்பார்கள். தேர்வு நாள் தள்ளிப்போகும். ‘ஏழாம் மெஷின்’ திரும்பி வருவார். சம்பளப் பிழைப் பதிவேட்டில் கடைசிக் கட்டங்கள் வெறுமையாகச் சேரும். அந்த மூன்று கிழமையிலும் ஊசிப் பதிவேடு ஒரு நாளும் தவறுவதில்லை. ஆகவே இரண்டையும் ஒரே கொப்பியில், இடப்பக்கம் ஊசி, வலப்பக்கம் சம்பளம் என்று கோடு போட்டு, ஒரே ஆளிடம் கொடுப்பது நல்லது. இடப்பக்கத்தில் ஒப்பமிட வரும் ஆலை முகாமையாளரின் கண்ணில் வலப்பக்கமும் படும்.